ஸ்கா: ரெகேவுக்கு முன்பே பேசிய சேரி

(பறைப் பயிற்சி முகாம் ஒன்றின் நிறைவு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூன்று நாட்களாகக் கை காய்த்துப் போகிற அளவுக்கு அடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த நேரத்தில் ஒருவன் மைக்கைப் பிடித்தால் கோபம்தான் வரும். ஆனாலும், 'பறையைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள், நீங்கள் வெளிநாட்டில் ஒடுக்கப்பட்டவர்களின் இசை ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசுங்கள்' என்று தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் இசைக்கலைஞன் இல்லை. நீண்ட காலமாகக் கேட்டுக்கொண்டிருப்பவன், கேட்டதைப் பற்றித் தேடிப் படிப்பவன். அந்த உரிமையில் ஜமைக்காவின் ஸ்கா இசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இந்தக் கூட்டத்திலேயே நான்கு பேர் பாப் மார்லி படம் போட்ட பனியன் போட்டிருக்கிறீர்கள். அதனால் ரெகே என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஸ்கா? 'அது ரெகேவுக்கு முன்னால் வந்தது, வேகமாக இருக்கும், ஆட்டத்துக்கு நன்றாக இருக்கும். பிறகு வேகம் குறைந்து, அரசியல் சேர்ந்து, ரெகே ஆகிவிட்டது' என்று இணையத்தில் பத்து இடத்தில் எழுதியிருப்பார்கள். ஸ்கா கொண்டாட்டம், ரெகே போராட்டம் என்று ஒரு வாய்ப்பாடு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஸ்காவை வாசித்தவர்கள் யார், அதை மேடையேற்றியவர்கள் யார், மேடையேற்றும்போது யாரைக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று பார்த்தால் இந்த வாய்ப்பாடு நிற்காது. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் காதுக்கு. வலப்பக்கம் இருப்பவர்கள் காலால் தரையில் நான்கு அடி சீராகப் போடுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நிறுத்த வேண்டாம். இடப்பக்கம் இருப்பவர்கள் அந்த அடியில் தட்டாதீர்கள். ஒவ்வொரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் கையைத் தட்டுங்கள். இருங்கள், நீங்கள் அடியிலேயே தட்டுகிறீர்கள். நடுவில். இதோ, வந்துவிட்டது. ஸ்காவில் கால் போடுகிற வேலையை பேஸ் செய்கிறது. நடந்து போவதுபோல நான்கு அடியிலும் ஒவ்வொரு சுரமாக வைத்துக்கொண்டே போகும். கை தட்டுகிற வேலையை கிட்டாரும் பியானோவும் செய்கின்றன. இரண்டாவது, நான்காவது அடியில் டிரம் விழும். இதற்கு மேலே டிராம்போன், டிரம்பெட், சாக்ஸபோன். அந்தக் கிட்டார் 'ஸ்கா, ஸ்கா' என்று வெட்டி வெட்டி ஒலிப்பதால்தான் இந்தப் பெயர் என்பது பலர் சொல்கிற விளக்கம்.

ரெகேவிலும் அந்த இடைவெளித் தட்டல் அப்படியே இருக்கிறது. மாறியது மற்றவை. பேஸ் நடப்பதை விட்டுவிட்டுத் தனக்கென்று ஒரு மெட்டைப் பாட ஆரம்பித்துவிடும். எழுபதுகளின் ரெகேவில் டிரம் முதல் அடியை வெறுமனே விட்டுவிட்டு மூன்றாவது அடியில் விழும். முதல் அடி காலியாக இருப்பது சாதாரண விஷயம் இல்லை. அடிக்கப் பழகியவர்களுக்குத் தெரியும், அடிக்காமல் இருக்கத்தான் அதிகப் பயிற்சி வேண்டும்.

இப்போது ஊருக்குள் போவோம். ஜமைக்காவை 1655-இல் ஸ்பெயினிடமிருந்து இங்கிலாந்து பிடித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்து வந்து அடிமைகளாக விற்றார்கள். 1838-இல் முழு விடுதலை கிடைத்தது. அதற்காகப் பிரிட்டிஷ் பேரரசு முழுவதும் அடிமை முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கினார்கள். அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசு இல்லை. அதற்குப் பிறகும் தோலின் நிறம்தான் ஒருவருடைய இடத்தைத் தீர்மானித்தது. வெள்ளையர் உச்சியில், கலப்பினத்தவரான பழுப்பு நிறத்தவர் நடுவில், கறுப்பர் அடியில். தலைநகர் கிங்ஸ்டனில் 'மேல் நகரம்', 'கீழ் நகரம்' என்று இரண்டு உண்டு. மேல் நகரம் குன்றுப் பக்கம், பங்களாக்கள், ஓட்டல்கள். கீழ் நகரம் துறைமுகப் பக்கம், தகரத் தட்டி வைத்த வளவுகள், பொதுக்குழாய். மொழிபெயர்ப்பாளர்கள் இதை 'புறநகர்', 'குடிசைப் பகுதி' என்றெல்லாம் எழுதுகிறார்கள். ஊர், சேரி என்று சொன்னால் நமக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும். நான் அப்படியே சொல்கிறேன்.

1950-களில் கிராமங்களில் பிழைக்க வழியில்லாமல் கிங்ஸ்டன் சேரிகளுக்கு வந்து குவிந்தவர்களிடம் வானொலிப் பெட்டி வாங்கக் காசில்லை. இசைக்குழுக்கள் வாசிக்கும் ஓட்டல்களுக்குள் அவர்களால் போகவும் முடியாது. அதனால் உருவானதுதான் 'சவுண்ட் சிஸ்டம்'. பெரிய தத்துவமெல்லாம் இல்லை. நம்ம ஊர் மைக் செட்தான். ஆனால் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள், அடிவயிற்றை உலுக்குகிற பேஸ். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய ஹெட்லி ஜோன்ஸ் என்ற கறுப்பினத் தொழில்நுட்பக்காரர் அந்த ஆம்ப்ளிஃபயர்களைத் தன் கையாலேயே கட்டிக் கொடுத்தார். திறந்தவெளியில் செட்டை நிறுத்தி, வாசலில் காசு வாங்கி, உள்ளே பீர் விற்று, விடிய விடிய அமெரிக்கக் கறுப்பர்களின் ரிதம் அண்ட் புளூஸ் தட்டுகளைப் போடுவார்கள்.

செட்டுக்காரர்களில் இரண்டு பேர் பெரிய ஆட்கள். ஒருவர் டியூக் ரீட்; முன்னாள் போலீஸ்காரர், சாராயக்கடை வைத்திருந்தவர், இடுப்பில் துப்பாக்கியோடு வந்து இறங்குவார். இன்னொருவர் காக்ஸன் டாட்; அமெரிக்கத் தென்பகுதிக்குப் பண்ணைக் கூலியாகப் போனபோது அங்கிருந்து இசைத்தட்டுகளை வாங்கி வந்தவர். யாரிடமும் இல்லாத தட்டு யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் கூட்டம். அதனால் தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள், போட்டியாளர் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று. காக்ஸன் தன் அடையாளப் பாட்டாக 'காக்ஸன் ஹாப்' என்று பெயரிட்டு ஒரு தட்டை ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தார். உண்மையில் அது வில்லிஸ் ஜாக்சன் என்ற அமெரிக்க சாக்ஸபோன்காரருடையது. டியூக் ரீட் எப்படியோ தேடிப் பிடித்து ஒருநாள் இரவு காக்ஸன் முன்னிலையிலேயே அதைத் தன் செட்டில் போட்டுவிட்டார். காக்ஸனுக்கு மயக்கமே வந்துவிட்டது என்று உடனிருந்த பிரின்ஸ் பஸ்டர் பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஐம்பதுகளின் இறுதியில் அமெரிக்காவில் ரசனை மாறி, ராக் அண்ட் ரோல் மேலெழுந்து, கிங்ஸ்டன் சேரி விரும்பிய வகைத் தட்டுகள் வருவது குறைந்தது. வேறு வழியில்லாமல் செட்டுக்காரர்கள் உள்ளூர்க் கலைஞர்களைக் கூப்பிட்டுப் பதிவு செய்தார்கள். முதலில் அமெரிக்க இசையைப் போலவே வாசித்தார்கள். வாசிக்க வாசிக்க, அந்த இடைவெளித் தட்டல் கனமாகிக்கொண்டே வந்தது. 1959-இல் வெளியான தியோஃபிலஸ் பெக்ஃபோர்டின் 'ஈஸி ஸ்னாப்பின்' பாட்டில் அது தெளிவாகக் கேட்கும். எவரும் ஒரு நாள் உட்கார்ந்து ஸ்காவைக் கண்டுபிடிக்கவில்லை.

யார் இந்த உள்ளூர்க் கலைஞர்கள்? கிங்ஸ்டனில் ஆல்ஃபா ஆண்கள் பள்ளி என்று ஒன்று, 1880-இல் தொடங்கியது. கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நடத்தியது. அனாதைப் பிள்ளைகள், 'அடங்காத' பிள்ளைகள் என்று நீதிமன்றம் அனுப்பிவைத்தவர்கள், சோறு போட வழியில்லாத தாய்மார் கொண்டுவந்து விட்டவர்கள். அச்சு வேலை, தையல், தச்சு, தோட்ட வேலை கற்றுக் கொடுப்பார்கள்; கூடவே பேண்டு வாத்தியம். சிஸ்டர் மேரி இக்னேஷியஸ் என்ற கன்னியாஸ்திரி 1939 முதல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தவர். பிள்ளைகளுக்குக் கேட்கக் கொடுக்க அவரிடம் பெரிய இசைத்தட்டுச் சேமிப்பே இருந்தது. டான் டிரம்மண்ட், டாமி மெக்குக், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங், ரிக்கோ ரோட்ரிகஸ் எல்லோரும் அங்கே படித்தவர்கள். பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக டிரம்மண்டையும் ரிக்கோவையும்.

ஆல்ஃபா கற்றுக் கொடுத்தது ஐரோப்பிய வாத்தியம், குறிப்பு பார்த்து வாசிக்கிற முறை. இன்னொரு பள்ளிக்கூடம் இருந்தது. அதற்குக் கட்டடம் கிடையாது. கிங்ஸ்டனின் கிழக்கே வரேக்கா குன்றின் அடிவாரத்தில் கவுன்ட் ஆஸி என்ற ராஸ்தஃபாரி மேளக்காரரின் முகாம்.

ராஸ்தாக்களைப் பற்றி இரண்டு வரி. 1930-இல் எத்தியோப்பியாவில் ஹைலி செலாசி பேரரசராக முடிசூடியபோது, 'இதோ ஒரு கறுப்பு அரசர், இவரே நம் மீட்பர்' என்று ஜமைக்காவின் ஏழைக் கறுப்பர்களில் சிலர் கிளம்பினார்கள். ஆங்கிலேய அரசருக்கு விசுவாசம் இல்லை என்றார்கள். அவர்களில் முக்கியமானவரான லெனார்ட் ஹோவலை 1934-இல் அரச நிந்தனை என்று சிறையில் தள்ளினார்கள். சடைமுடி வளர்த்தார்கள், கஞ்சாவைப் புனிதமாகக் கருதினார்கள். இடைச்செருகலாக ஒன்று: அவர்களும் அதைக் 'கஞ்சா' என்றுதான் சொல்கிறார்கள். 1845 முதல் 1910-கள் வரை ஏறத்தாழ 36,000 இந்தியக் கூலிகளைக் கப்பலில் ஜமைக்காவுக்குக் கொண்டு போனார்கள். சொல் அவர்களோடு போனது. மேல் நகரத்துக்கு ராஸ்தா என்றால் அழுக்கு, பைத்தியம், பிள்ளை பிடிக்கிறவன். பார்த்தால் வழியை மாற்றிப் போவார்கள்.

கவுன்ட் ஆஸியின் மேளம் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குப் பிடிக்கும். அடிமைக் காலத்தில் ஆப்பிரிக்க மேளங்களுக்கு ஜமைக்காவில் சட்டப்படி கட்டுப்பாடு. மேளம் கேட்டால் கலகம் வரும் என்ற பயம். தப்பிப் பிழைத்தவற்றில் ஒன்று 'புர்ரு'. மூன்று மேளங்கள்: கனமாக அடிக்கும் பேஸ், தாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஃபுண்டே, மேலே பேசுகிற ரிப்பீட்டர். விடுதலைக்குப் பிறகு புர்ரு மேளக்காரர்கள் நகரத்துச் சேரிகளுக்கு வந்தார்கள். மதிப்பில்லாத தொழில். சிறையிலிருந்து ஒருவர் விடுதலையாகி வந்தால், சேரிக்காரர்கள் புர்ரு அடித்து அவரைத் தெருவுக்குள் அழைத்து வருவார்கள். ஊர் குற்றவாளி என்று ஒதுக்கியவரை 'நீ எங்கள் ஆள்தான்' என்று சொல்கிற மேளம். ராஸ்தாக்களிடம் சித்தாந்தம் இருந்தது, சொந்தமாக இசை இல்லை. புர்ருக்காரர்களிடம் இசை இருந்தது. இரண்டும் ஒரே சேரியில் கலந்தன. கவுன்ட் ஆஸி அதைக் கற்று வளர்த்தெடுத்தார்.

ஓட்டலில் கோட்டு சூட்டோடு ஜாஸ் வாசித்துவிட்டு, டிரம்மண்டும் மூரும் ரிக்கோவும் அந்த முகாமுக்குப் போய் மேளக்காரர்களோடு விடிய விடிய வாசித்தார்கள். லாயிட் நிப் என்ற டிரம்காரர் அங்கே கேட்ட புர்ரு அடியை டிரம் செட்டுக்கு மாற்றினார். ஸ்காவின் டிரம்முக்குள்ளே இருப்பது புர்ரு. 1960-இல் பிரின்ஸ் பஸ்டர் ஒரு படி மேலே போய், கவுன்ட் ஆஸியின் குழுவையே பதிவுக் கூடத்துக்கு அழைத்து வந்து, ஃபோக்ஸ் சகோதரர்களைப் பாட வைத்து 'ஓ கரோலினா' என்ற தட்டைக் கொண்டுவந்தார். தீண்டப்படாத மேளம் கடைக்கு வந்த முதல் தட்டுகளில் அது ஒன்று. ரெகே வந்த பிறகு ராஸ்தாக்கள் இசைக்குள் வந்தார்கள் என்று சொல்கிறவர்களிடம் இந்த ஒரு தட்டைக் கேட்கச் சொல்லுங்கள். (அதே பாட்டை 1993-இல் ஷாகி மறுபடி பாடி உலகமெங்கும் ஓடியபோது, பாட்டு யாருடையது என்ற வழக்கு லண்டன் நீதிமன்றம் வரை போனது. ஜான் ஃபோக்ஸ் எழுதியதுதான் என்று தீர்ப்பானது. 1993 வரை ஜமைக்காவுக்கென்று சொந்தமாகப் பதிப்புரிமைச் சட்டம்கூட இல்லை, 1911-ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டம்தான். வாசித்தவர்களுக்குப் பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி, அதோடு முடிந்தது. தட்டில் முதலாளியின் பெயர் பெரிதாக இருக்கும். காக்ஸன், டியூக் ரீட் மீதான என் மரியாதை இந்த இடத்தில் கொஞ்சம் குறைந்துவிடும்.)

1962 ஆகஸ்ட் 6, ஜமைக்காவுக்குச் சுதந்திரம். டெரிக் மார்கன், லார்ட் கிரியேட்டர், இன்னும் பலர் சுதந்திரப் பாட்டுகள் போட்டார்கள். ஸ்கா புதிய நாட்டின் இசையானது. 'பலரிலிருந்து ஒரே மக்கள்' என்பது நாட்டின் முழக்கம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. மக்களில் பத்தில் ஒன்பது பேர் ஆப்பிரிக்க வழியினராக இருக்கும் நாட்டில், 'கறுப்பர்' என்ற சொல்லே வராமல் ஒரு முழக்கம். 'நாமெல்லாம் ஒன்று' என்று சொல்கிறவர் எங்கே உட்கார்ந்துகொண்டு சொல்கிறார் என்று பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு.

எட்டே மாதம். 1963 ஏப்ரலில், புனித வெள்ளிக்கு முந்திய நாள், மான்டிகோ பே அருகே கோரல் கார்டன்ஸ் என்ற இடத்தில் ஒரு மோதல், எட்டு உயிர்கள் போயின. சம்பந்தப்பட்டவர்கள் சில ராஸ்தாக்கள். ஆனால் தீவின் மேற்குப் பகுதி முழுவதும் ராஸ்தா என்று கண்டவர்களையெல்லாம் போலீசும் மேட்டுக்குடி ஆட்களும் வேட்டையாடினார்கள். அடித்தார்கள், சடையை வெட்டினார்கள், நூற்றுக்கணக்கில் சிறையில் அடைத்தார்கள். சடையை வெட்டுவது ஏன் என்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மீசை வைத்ததற்கு அடி வாங்கிய ஊர்களிலிருந்து வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இதற்கு ஜமைக்க அரசு மன்னிப்புக் கேட்டது 2017-இல்.

அடுத்த ஆண்டு, 1964, நியூயார்க்கில் உலகக் கண்காட்சி. அரசு ஸ்காவை ஜமைக்காவின் அடையாளமாக அமெரிக்காவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. ஏற்பாடு செய்தவர் அமைச்சர் எட்வர்ட் சியாகா, பின்னாளில் பிரதமர். அவரை வெறும் வில்லனாகச் சொல்ல நான் விரும்பவில்லை. ஜமைக்க நாட்டார் இசையை ஐம்பதுகளிலேயே பதிவு செய்தவர், சேரி இருக்கும் மேற்கு கிங்ஸ்டனின் மக்கள் பிரதிநிதி. யாரை அனுப்பினார்கள்? ஜிம்மி கிளிஃப், மில்லி ஸ்மால், பிரின்ஸ் பஸ்டர் என்று பாடகர்கள் சிலர் போனார்கள். பின்னணி இசைக்குழு? பைரன் லீ அண்ட் தி டிராகனையர்ஸ். மேல் நகரத்து ஓட்டல் குழு. 1962-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'டாக்டர் நோ'வில் கேளிக்கைக் காட்சியில் வாசிப்பவர்கள் இவர்கள்தான். சியாகா சொல்லி, கீழ் நகரத்துக்கு வந்து ஸ்காவைக் கேட்டுக் கற்றுக்கொண்டவர்கள். திறமையானவர்கள், சந்தேகமில்லை. ஆனால் ஸ்காவை உருவாக்கிய கைகள், நூற்றுக்கணக்கான தட்டுகளில் வாசித்த டிரம்மண்ட், மெக்குக், ரோலண்ட் அல்ஃபோன்ஸோ, நிப் ஆகியோர் கிங்ஸ்டனிலேயே விடப்பட்டார்கள். அதே ஆண்டு நடுவில் 'ஸ்கட்டலைட்ஸ்' என்ற பெயரில் குழுவாகச் சேர்ந்தவர்கள் இவர்கள். ராஸ்தா முகாமுக்குப் போகிறவர்கள், கஞ்சா புகைப்பவர்கள், சேரிக்காரர்கள். நாட்டின் முகமாகக் காட்டக்கூடிய முகம் இல்லை என்று கருதப்பட்டது என்பதுதான் என் வாசிப்பு. அமெரிக்கர்களுக்கு ஆடச் சொல்லிக் கொடுக்க அடிவைப்புகளைப் படம் போட்டுக் கையேடுகூட வந்தது.

'ஸ்கா மகிழ்ச்சியான இசை' என்ற பெயர் இப்படித்தான் வெளியே போனது. டிரம்மண்டின் டிராம்போனைக் கேளுங்கள். வேகமான தாளத்தின் மேல் அப்படி ஒரு துயரம். கால் ஆடும், நெஞ்சு கனக்கும். அதே ஆண்டு வெளியான வெய்லர்ஸின் 'சிம்மர் டவுன்' ஒரு ஸ்கா பாட்டு. பாடியது பாப் மார்லி, வாசித்தது ஸ்கட்டலைட்ஸ். சேரி இளைஞர்களின் வெட்டுக்குத்தைப் பற்றி, அவர்களிடமே பேசுகிற பாட்டு. போராட்டம் ரெகேவில்தான் தொடங்கியது என்றால் இது என்ன?

டிரம்மண்டைச் சொல்லும்போது இன்னொருவரைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. அனிதா மஹ்ஃபூத், மேடைப் பெயர் மார்கரிட்டா. லெபனான் வழி வந்த, வெளிர் நிறப் பெண். புகழ்பெற்ற நடனக்காரி. வரேக்கா முகாமுக்கு வந்து கவுன்ட் ஆஸியின் மேளத்துக்கு ஆடியவர். கவுன்ட் ஆஸியை மேடையேற்றாவிட்டால் நான் ஆடமாட்டேன் என்று நிபந்தனை போட்டு, பெரிய அரங்கத்துக்கு ராஸ்தா மேளத்தைக் கொண்டுவந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். தானே எழுதிப் பாடி ஸ்கா தட்டும் போட்டிருக்கிறார். டிரம்மண்டின் காதலி. 1965 புத்தாண்டை ஒட்டிய இரவில் டிரம்மண்ட் அவரைக் குத்திக் கொன்றார். மனநோயால் பலமுறை மருத்துவமனையில் இருந்தவர் டிரம்மண்ட். மறுபடி அங்கேயே அனுப்பப்பட்டு 1969 மே மாதம் இறந்தார். இசை வரலாற்றில் இதை 'ஒரு மேதையின் சோகம்' என்று எழுதுகிறார்கள். கொல்லப்பட்டவர் அந்த வாக்கியத்தில் எங்கே இருக்கிறார்? ஒடுக்கப்பட்டவர்களின் கலையைக் கொண்டாடும்போது அதற்குள்ளேயே ஒடுக்கப்பட்ட பெண்ணின் பெயரைத் துடைத்துவிட்டுக் கொண்டாட நமக்கு உரிமை இல்லை. மார்கரிட்டா இல்லாமல் ஸ்கா வரலாறு கிடையாது.

ஸ்கட்டலைட்ஸ் 1965-லேயே கலைந்தது. 1966-இல் தாளம் சட்டென்று இறங்கியது. அந்த இசைக்கு ராக்ஸ்டெடி என்று பெயர். அந்தக் கோடை கடும் வெயில், வேகமாக ஆட முடியவில்லை என்று ஒரு கதை இருக்கிறது. கதை நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். பத்துப் பேர் கொண்ட ஊதுகுழல் குழுவுக்குக் கூலி கொடுப்பதைவிடச் சிறு குழு மலிவு. தோளில் மாட்டும் மின்சார பேஸ் கிட்டார் வந்துவிட்டது. ஊதுகுழல்கள் விட்டுப்போன இடத்தை அது நிரப்பியது. வெளியே என்ன நடந்தது? அதே 1966-இல் 'பேக் ஓ வால்' என்ற மேற்கு கிங்ஸ்டன் சேரியை, ராஸ்தா முகாம்களோடு சேர்த்து, புல்டோசர் விட்டு இடித்தார்கள். அந்த இடத்தில் ஆளுங்கட்சிக்காரர்களுக்கு டிவோலி கார்டன்ஸ் குடியிருப்பு எழுந்தது. இடித்தது சியாகாவின் திட்டம்தான், நியூயார்க்குக்கு ஸ்காவை அனுப்பிய அதே சியாகா. அக்டோபரில் மேற்கு கிங்ஸ்டனில் அவசரநிலை. வேலையில்லாத இளைஞர்கள், 'ரூட் பாய்' என்று பெயர், பாட்டெங்கும் அவர்கள்தான்.

1968-இல் டூட்ஸ் அண்ட் தி மேட்டல்ஸ் தட்டு ஒன்றின் பெயரில் 'ரெகே' என்ற சொல் வந்தது. அதற்கு முந்திய ஆண்டு வெளியான ஜமைக்க ஆங்கில அகராதியில் 'ரெகே ரெகே' என்றால் கந்தல் துணி, சண்டை என்று பொருள் கொடுத்திருக்கிறார்கள். கந்தல். பெயரே அப்படி. இன்னொரு விஷயம், மெதுவாகி மெதுவாகி ரெகே ஆனது என்பது பிழை. 1968, 69-இன் ரெகே ராக்ஸ்டெடியைவிட வேகமானது. நிதானமான, முதல் அடியை விட்டுவிடுகிற ரெகே பிறகுதான் வந்தது. வாசித்தவர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள், அதே கூடங்கள். ஸ்கட்டலைட்ஸின் ஆர்கன்காரர் ஜாக்கி மிட்டூ இல்லாமல் காக்ஸனின் ஸ்டுடியோ ஒன் ராக்ஸ்டெடி இல்லை. மகன் வந்ததும் தகப்பன் செத்துப் போன கதை இல்லை இது. ஒரே வீட்டில் சாமான்களை இடம் மாற்றி வைத்த கதை. முன்னறையில் இருந்த ஊதுகுழல்கள் பின்னால் போயின, பின்கட்டில் இருந்த மேளமும் பேஸும் முன்னறைக்கு வந்தன. யாரை மறைத்து நாட்டின் முகத்தைக் காட்டினார்களோ அவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அதே 1968 அக்டோபரில், ராஸ்தாக்களோடும் சேரி இளைஞர்களோடும் தரையில் உட்கார்ந்து ஆப்பிரிக்க வரலாறு பேசிக்கொண்டிருந்த வால்டர் ராட்னி என்ற பேராசிரியரை நாட்டுக்குள் வரவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். கிங்ஸ்டன் பற்றி எரிந்தது. அந்தக் காற்றில்தான் ரெகே வளர்ந்தது.

கடைசியாக ரிக்கோ. 1961-லேயே இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியவர். அங்கே 1948 முதல் கரீபியத் தொழிலாளர்கள் வந்துகொண்டிருந்தார்கள். வாடகை வீடு கிடைக்காது, மதுக்கூடங்களில் அனுமதி இல்லை. அதனால் வீட்டு அடித்தளங்களில் செட் வைத்து ஸ்கா போட்டார்கள். 1964-இல் மில்லி ஸ்மாலின் 'மை பாய் லாலிபாப்' இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இரண்டாம் இடம் வரை போனது. வெள்ளைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் கேட்டார்கள். அவர்களில் ஒரு கூட்டம்தான் மொட்டை அடித்த 'ஸ்கின்ஹெட்'. ஜமைக்க இசைக்கு ஆடி வளர்ந்த அதே பெயர்க் கூட்டத்தில் ஒரு பகுதி எழுபதுகளில் நேஷனல் ஃபிரண்ட் என்ற நிறவெறிக் கட்சியோடு போய்ச் சேர்ந்தது. கறுப்பரின் பாட்டு வேண்டும், பக்கத்து வீட்டில் கறுப்பர் வேண்டாம். கலை மனத்தை மாற்றிவிடும் என்று சும்மா நம்பிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கல்யாண ஊர்வலத்தில் பறைக்கு ஆடிவிட்டுப் பந்தியில் தனியாக உட்கார வைக்கிறவர்களை நாம் பார்க்காததா?

1979-இல், கார்த் தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்த கவென்ட்ரி நகரத்தில், ஜெர்ரி டாமர்ஸ் என்ற வெள்ளை இளைஞர் 'டூ டோன்' என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த குழுக்கள்: தி ஸ்பெஷல்ஸ், பாலின் பிளாக் பாடிய தி செலக்டர். சின்னம் கறுப்பு வெள்ளைக் கட்டம். அதில் கோட்டு போட்டு நிற்கும் உருவம் வெய்லர்ஸின் பீட்டர் டோஷ் படத்தைப் பார்த்து வரைந்தது. கூட்டத்தில் நாஜி வணக்கம் வைக்க வந்த ஆட்களையும் அந்த மேடைகள் எதிர்கொண்டன. ஸ்பெஷல்ஸ் அந்த ஆண்டு பழைய ஜமைக்கப் பாட்டு ஒன்றை, ரூட் பாய்களுக்குச் சேதி சொல்கிற பாட்டை, மறுபடி பதிவு செய்தபோது டிராம்போன் வாசிக்க யாரைக் கூப்பிட்டார்கள்? 1967-இல் டேண்டி லிவிங்ஸ்டன் பாடிய முதல் பதிவில் வாசித்த அதே ரிக்கோவை. ஆல்ஃபாவில் டிரம்மண்டிடம் கற்று, வரேக்காவில் கவுன்ட் ஆஸியின் மேளத்தோடு வாசித்த அதே மனிதர், கவென்ட்ரிப் பையன்களின் குழுவில்.

1981 கோடையில் பிரிக்ஸ்டன், டாக்ஸ்டெத் எல்லாம் எரிந்துகொண்டிருந்தபோது இங்கிலாந்தின் முதலிடத்தில் இருந்த பாட்டு ஸ்பெஷல்ஸின் 'கோஸ்ட் டவுன்'. மூடிய ஊரைப் பற்றிய பாட்டு. அதிலும் டிராம்போன் ரிக்கோதான். ஸ்கா குழுவென்று உலகம் சொல்கிற அந்தக் குழுவின் மிகப் பெரிய பாட்டின் தாளம் ரெகே. இரண்டையும் பிரித்துத் தராசில் வைக்கிறவர்கள் இந்தப் பாட்டை எந்தத் தட்டில் வைப்பார்களோ.

போதும், உங்களுக்குப் பசிக்கிறது. செட்டுக்காரத் தம்பியிடம் மூன்று பாட்டு கொடுத்திருக்கிறேன். முதலில் 'ஓ கரோலினா'. குரலை விடுங்கள், அடியில் போகிற மேளத்தைக் கேளுங்கள், மூன்று மேளத்தையும் பிரித்துக் கேட்க முடிகிறதா என்று பாருங்கள். இரண்டாவது டிரம்மண்ட். மூன்றாவது 'கோஸ்ட் டவுன்'. தம்பி, பேஸைக் கொஞ்சம் ஏற்றி வை.